சிவப்பு விளக்கில் நின்ற கள்ளன்

பின்னால் ஏழெட்டுக் கார்கள் விடாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தன. ஒருவன் கண்ணாடியை இறக்கிக் கெட்ட வார்த்தையால் திட்டினான். நடுத்தெருவில் சைக்கிளோடு நின்ற ரஞ்சன் அண்ணை அசையவில்லை.

"எடுங்கோ அண்ணை" என்றேன்.

"சிவப்பெல்லே நிக்குது" என்றார்.

விளக்கு பச்சையானது. அதற்கும் அவர் அவசரப்படவில்லை. இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், மறுபடி இடது பக்கம் பார்த்தார். அதன்பிறகுதான் பெடலை மிதித்தார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

இவ்வளவும் நடந்தது தெருவில் அல்ல. பாரிசில், ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில், லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடத்தின் நாலாம் மாடியில், பழைய தொலைக்காட்சித் திரையில் நடந்தது. கார் கடத்தலாம், வங்கியைக் கொள்ளையடிக்கலாம், பொலிஸைச் சுடலாம், யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள் என்பதற்காகவே உலகமெல்லாம் காசு கொடுத்து வாங்கும் ஒரு வீடியோ விளையாட்டு அது. பெயர் வேண்டாம். விளையாடியவர்களுக்குத் தெரியும், விளையாடாதவர்களுக்குப் பெயர் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்த நகரத்தில் சிவப்பு விளக்குக்கு நின்ற ஒரே கள்ளன், எனக்குத் தெரிந்து, ரஞ்சன் அண்ணையின் ஆள்தான்.

போன வாரம் இந்தப் பத்தியில் ரெஸ்டோரண்ட் குசினி வேலையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "மத்தியானங்களில் மூன்று மணித்தியாலம் சும்மா இருந்தோம் என்கிறீர்களே, அந்த நேரத்தில் பிரெஞ்சு படித்திருக்கலாமே?" என்று திரான்சியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். படித்திருக்கலாம் அம்மா. நாங்கள் கொள்ளையடித்துக்கொண்டிருந்தோம்.

மூன்று முதல் ஆறு வரை

ரெஸ்டோரண்ட் வேலை செய்தவர்களுக்கு 'கூப்பூர்' என்றால் விளங்கும். மத்தியானச் சாப்பாடு முடிந்து, குசினியைக் கழுவி, மூன்று மணிக்கு வெளியே விடுவார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு ஆறு மணிக்குத் திரும்ப நிற்கவேண்டும். இடையில் கிடப்பதுதான் கூப்பூர். அந்த மூன்று மணித்தியாலத்துக்குச் சம்பளமும் இல்லை, உருப்படியாக ஒரு காரியம் செய்யவும் போதாது. தூர இடத்தில் வீடு உள்ளவர்கள் பார்க்குகளில் வாங்குக் கட்டையில் உட்கார்ந்து தூங்குவார்கள். எங்களுக்கு அறை பக்கத்தில் இருந்ததால் நாங்கள் அதிர்ஷ்டக்காரர்கள்.

மூன்று பேர். நான் சீலன், கோப்பை கழுவுகிறவன், முப்பது வயதுக் கோபக்காரன். நேசன், என்னைவிட இளையவன், சலாட் வெட்டுகிறவன். ரஞ்சன் அண்ணை நாற்பதைத் தாண்டியவர், மரக்கறி துப்புரவாக்குகிறவர். மூவருக்கும் கார் து நோர்ட் ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம் ஒரே ரெஸ்டோரண்டில் வேலை.

விளையாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்தவன் நேசன். வீடு மாறிப்போன யாரோ தெருவில் வைத்துவிட்டுப் போன பெட்டியைத் தூக்கிவந்து, ஒரு வயரை மாற்றிச் சரிப்படுத்திவிட்டான். அதற்குள் ஒரு தட்டு இருந்தது. அந்தத் தட்டுக்குள்தான் நகரம் இருந்தது. கடற்கரை, மலை, பாலங்கள், மழை, கார் வானொலியில் பாட்டு, பின்னேரம் சிவக்கிற வானம் எல்லாம் இருந்தன. நேசன் முதல் தடவை அதைப் போட்டபோது நான் ரெஸ்டோரண்ட் உடுப்பைக்கூட மாற்றாமல் கட்டிலில் இருந்தபடி இரண்டரை மணித்தியாலம் பார்த்தேன். பாரிசுக்கு வந்த பிறகு நான் முழுதாகச் சுற்றிப்பார்த்த முதல் ஊர் அதுதான் என்றால் சிரிப்பீர்கள். உண்மை அதுதான்.

செத்தவன் கொடுக்கவேணும்

கையில் பிடித்து விளையாடும் கட்டையைப் பிரெஞ்சில் மனெட் என்பார்கள். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு மனெட். மூன்று பேருக்கு ஒன்று என்றால் சண்டை வராமல் இருக்குமா? நேசன் ஒரு சட்டம் போட்டான்.

"செத்தவன் குடுக்கவேணும். பொலிஸ் பிடிச்சாலும் குடுக்கவேணும். அவ்வளவுதான்."

நல்ல சட்டம். எனக்கும் நேசனுக்கும் அது கச்சிதமாகப் பொருந்தியது. நான் பத்து நிமிடத்துக்குமேல் உயிரோடு இருந்ததில்லை. காரைப் பறிப்பேன், இரண்டு பேரை இடிப்பேன், திரையின் மூலையில் நட்சத்திரங்கள் மின்னத் தொடங்கும். ஒரு நட்சத்திரம் என்றால் ஒரு பொலிஸ்காரன், நாலு என்றால் ஹெலிகொப்டர். பாலத்தில் வைத்துச் சுட்டுவிடுவார்கள். மனெட் நேசனிடம் போகும். அவன் என்னைவிட மோசம்.

பிறகு ஒருநாள் ரஞ்சன் அண்ணை, "ஒருக்கா நானும் பாக்கட்டோ?" என்று கேட்டார். பாவம் மனிசன், ஒவ்வொரு நாளும் பக்கத்தில் இருந்து பார்க்கிறார் என்று கொடுத்தோம்.

மூன்றரைக்குக் கொடுத்தது. ஐந்தே முக்காலுக்கும் அவர் சாகவில்லை.

எப்படிச் சாவார்? கார் பறிக்கமாட்டார். ஒருவரையும் முட்டமாட்டார். நடைபாதையில் நடப்பார், வெள்ளைக் கோட்டில் கடப்பார், எதிரே வருகிறவனுக்கு ஒதுங்கி வழி விடுவார். கடற்கரையில் ஆளில்லாமல் நிற்கும் சைக்கிள் ஒன்றை எடுக்க அவர் நாலு நாள் யோசித்தார். "ஒருத்தரும் இல்லாமல்தானே நிக்குது, திருப்பிக் கொண்டந்து விடலாம்" என்று தனக்குத் தானே தீர்ப்புச் சொன்ன பிறகுதான் எடுத்தார். கள்ளனுக்காகக் கட்டிய நகரத்தில் அவர் ஓர் இளைப்பாறிய தலைமை வாத்தியார் மாதிரி உலாவினார். எங்கள் சட்டத்தில் சாகாதவனை என்ன செய்வது என்று ஒரு வரியும் இல்லை.

"அண்ணை, ஒருக்காச் செத்துத் தாங்கோவன்" என்று நேசன் கெஞ்சுவான்.

"ஏன்ரா, நான் ஒரு பிழையும் விடேல்லையே" என்பார் அவர்.

வெள்ளைச் சட்டை

ஏன் அப்படி விளையாடினார் என்பதைச் சொல்லவேண்டும்.

ரஞ்சன் அண்ணையின் அகதிக் கேஸ் முதல் தடவை நிராகரிக்கப்பட்டிருந்தது. மேன்முறையீடு போட்டிருந்தார். அங்கேயும் இல்லை என்றால் நாட்டைவிட்டுப் போகச் சொல்லும் கடிதம் வரும். ஊரில் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும். அவர் வெளிக்கிட்டபோது தவழ்ந்த சின்னவள் இப்போது தொலைபேசியில் வாய்ப்பாடு சொல்கிறாள். கேஸ் சரிவந்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம். அந்த மனிதரின் முழு வாழ்க்கையும் யாரோ ஒரு நீதிபதியின் மேசையில் ஒரு கோப்பாகக் கிடந்தது.

அவருடைய லோயர் ஒரு புத்திமதி சொல்லியிருந்தாராம்: கேஸ் முடியும்வரை ஒரு சின்னச் சிக்கலிலும் மாட்டாதே, மெட்ரோவில் டிக்கெட் இல்லாமல்கூட ஏறாதே. ரஞ்சன் அண்ணை அதைக் கோயில் நேர்த்திபோல எடுத்துக்கொண்டார். டிக்கெட்டுகளை எறியாமல் சப்பாத்துப் பெட்டிக்குள் சேர்த்து வைத்திருந்தார். அந்த நேர்த்தி எங்கள் தொலைக்காட்சிக்குள்ளும் வந்துவிட்டது.

"அண்ணை, இது விளையாட்டு" என்று நான் நூறு தரம் சொல்லியிருப்பேன்.

"தெரியுமடா. எண்டாலும் கேஸ் நடக்கேக்கை கையைச் சுத்தமா வைச்சிருக்கோணும். கை பழகிடும்."

இதில் ஒரு சிக்கல் இருந்தது. விளையாட்டுக்குள் இருந்த ஆள் ஒருவன்தான். முதலில் ரஞ்சன் அண்ணையின் கையில் சாதுவாக நடந்தவனும் பிறகு என் கையில் பத்துப் பேரைக் கொன்றவனும் ஒரே ஆள். இதை அவர் தனக்கு ஏற்றமாதிரித் தீர்த்தார். அந்த நகரத்தில் உடுப்புக் கடைக்குள் போகலாம். தன் முறை வந்ததும் அவர் முதலில் அங்கே போய், எங்கள் கறுத்தத் தோல் ஜாக்கெட்டைக் கழற்றி, ஆளுக்கு ஒரு வெள்ளைச் சட்டை போட்டுவிடுவார், பிரெபெத்தூர் என்கிற அரச கந்தோருக்கு விசா அலுவலாகப் போகிறவன் மாதிரி. மேல் பொத்தானும் பூட்டிய சட்டை.

"வெள்ளைச் சட்டையோடை நிண்டால் அவன் என்ரை ஆள். ஜாக்கெட்டோடை நிண்டால் உங்கடை ஆள். கலக்கக் கூடாது."

நாங்கள் சிரித்தோம், ஒத்துக்கொண்டோம்.

பூட்டிய கதவுகள்

இந்த மாதிரி விளையாட்டுகளின் சுகத்தைச் சொன்னேன். எரிச்சலையும் சொல்லத்தான் வேண்டும்.

ஊரைத் திறந்து விட்டிருக்கிறோம், விருப்பப்படி திரி என்பார்கள். உண்மையில் கதை முன்னேறவேண்டுமானால் அவர்கள் சொன்ன இடத்துக்கு, சொன்ன வாகனத்தில், சொன்ன நேரத்துக்குப் போகவேண்டும். என்னை ஒரு வங்கிக் கொள்ளை மாதக்கணக்கில் வதைத்தது. நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கூட்டாளியை ஏற்றிக்கொண்டு ஓடவேண்டும். வழி முழுக்க அவன் ஒரே பகிடியைச் சொல்லிக்கொண்டு வருவான். கடைசிச் சந்தியில் அந்த மடையன் ஜன்னலால் தலையை நீட்டிச் சூடு வாங்கிச் செத்துப்போவான். தோல்வி. மறுபடி முதலிலிருந்து அதே தெரு, அதே பகிடி. வேலைக்குப் போனாலும் முதலாளி, அறைக்கு வந்தாலும் முதலாளி. கொள்ளைக்காரனுக்குக்கூட இந்த உலகத்தில் சுதந்திரம் இல்லை என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ரஞ்சன் அண்ணையின் எரிச்சல் வேறு. அவருக்குக் கதவுகள். அந்த நகரத்தில் ஆயிரம் வீடு, ஆயிரம் கடை இருக்கும். நாலைந்துக்குள்தான் போகலாம். மிச்சமெல்லாம் சுவரில் கீறிய கதவு. அவர் ஒவ்வொரு கதவாக முட்டிப்பார்ப்பார்.

"பேக்கரி எண்டு எழுதிக் கிடக்கு, லைட்டும் எரியுது. உள்ளை போக ஏலாதே?"

"அது படம் அண்ணை."

"அப்ப ஏன் கைபிடி வைச்சவங்கள்?"

எனக்கு என் முதல் பனிக்காலம் ஞாபகம் வந்தது. தெரிந்த ஒருவரின் வீட்டு விலாசத்தோடு போய், வாசல் கதவைத் திறக்கும் கோட் இலக்கம் தெரியாமல், அவர் வேலை முடிந்து வரும்வரை கதவுக்கு முன்னால் நின்றேன். கைபிடி பளபளவென்று இருந்தது. இந்த ஊரும் அப்படித்தான் தொடங்கியது எங்களுக்கு.

ஆனால் ஒரு விஷயம் அவருக்கு அந்த நகரத்தில் மிகவும் பிடித்திருந்தது. பொலிஸ் துரத்தும்போது எங்காவது ஒழுங்கைக்குள் போய்க் கொஞ்ச நேரம் மறைந்து நின்றால், நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக அணைந்துவிடும். அதன்பிறகு அதே பொலிஸ்காரன் முன்னால் போய் நின்றாலும் அடையாளம் தெரியாது. நான் கொலை செய்துவிட்டு அப்படி ஒளிந்து நிற்கும்போதெல்லாம் ரஞ்சன் அண்ணை பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பார். கடைசி நட்சத்திரமும் அணைந்ததும் பெரிதாக மூச்சு விடுவார்.

"மறந்திட்டாங்கள். இவ்வளவும் செய்துபோட்டும், மறந்திட்டாங்கள் பாரன்."

ஒன்றும் செய்யாத அவரை ஒருவரும் மறக்கவில்லை.

சைக்கிளால் இறங்குவது

சைக்கிள் எடுக்கத் தொடங்கிய பிறகு இன்னொரு கூத்து ஆரம்பித்தது. கடற்கரை வீதியில் அழகாக ஓடிக்கொண்டு வருவார். தூரத்தில் சந்தியில் பொலிஸ்காரன் ஒருவன் நிற்பது தெரியும். உடனே பிரேக் பிடித்து, பொத்தானை அமத்தி, சைக்கிளால் இறங்கிவிடுவார்.

இறங்கினால் அந்த விளையாட்டில் சைக்கிள் விழுந்த இடத்திலேயே கிடக்கும். ஆள் மட்டும் நடப்பான்.

"டேய் சீலன், இதை உருட்டுறது எப்பிடி?"

"எதை?"

"சைக்கிளை. இறங்கி உருட்டிக்கொண்டு போறதுக்கு எந்தப் பட்டன்?"

"உருட்ட ஏலாது அண்ணை. ஓடலாம், இல்லாட்டி விட்டிட்டுப் போகலாம்."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. எல்லாப் பொத்தானையும் அமத்திப் பார்த்தார். பிறகு சைக்கிளை விட்டுவிட்டு, தலையைக் குனிந்தபடி பொலிஸ்காரனைக் கடந்து நடந்தார். ஆளின் தலையையல்ல, தன் தலையைக் குனிந்தார். அடுத்த முடக்கில் நின்று திரும்பிப் பார்த்தால் சைக்கிளைக் காணோம். கண்ணில் படாத பொருளை அந்த விளையாட்டு அழித்துவிடும். பிறகு கடற்கரைவரை நடந்துபோய் வேறு சைக்கிள் எடுப்பார். அடுத்த பொலிஸ்காரனைக் கண்டதும் மறுபடி இறங்குவார்.

இதைப் பார்த்து நேசன் கட்டிலில் புரண்டு சிரித்தான். அவன் கொழும்பில் வளர்ந்தவன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நானும் இறங்கியிருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் வயதுக்காரர் எல்லோரும் இறங்கியிருக்கிறோம். இராணுவக் காவலரண் வருவதற்குக் கொஞ்சம் முன்பாகவே சைக்கிளால் இறங்கி, தொப்பி போட்டிருந்தால் கழற்றி, அடையாள அட்டையைக் கையில் எடுத்து, உருட்டிக்கொண்டு நடக்கவேண்டும். தாண்டிக் கொஞ்சத் தூரம் போன பிறகுதான் ஏறலாம். இறங்க மறந்து ஓடியவர்களுக்கு என்ன நடந்தது என்று இங்கே எழுதவேண்டியதில்லை. அந்த விளையாட்டைச் செய்தவர்கள் எல்லாவற்றையும் யோசித்திருந்தார்கள், மழையில் சட்டை நனைவதைக்கூட. ஒரு மனிதன் சீருடையைக் கண்டு சைக்கிளால் இறங்கி உருட்டுவான் என்று மட்டும் அவர்களுக்குத் தோன்றவில்லை.

வெளியிலும் அதே கதைதான். எங்கள் அறையிலிருந்து வேலைக்குப் போக நேர் வழி லா ஷப்பெல் மெட்ரோப் பாலத்துக்குக் கீழால். அங்கே அடிக்கடி பொலிஸ் நிற்கும், பேப்பர் கேட்கும். ரஞ்சன் அண்ணையிடம் கேஸ் நடப்பதற்கான பேப்பர் சட்டப்படி இருந்தது. இருந்தும் அவர் ரூ பெர்தொனேக்குள் புகுந்து, நகைக்கடைகளையும் சாப்பாட்டுக் கடைகளையும் சுற்றித்தான் போவார். அவருக்குத் துணையாக நாங்களும் சுற்றுவோம்.

"மடியிலை கனம் இருந்தால்தானே அண்ணை வழியிலை பயம்?" என்று ஒருநாள் நக்கலடித்தேன்.

"மடியிலை ஒண்டும் இல்லாதவனுக்குத்தான்ரா கூடப் பயம்" என்றார். எனக்கு வதிவிடக் கார்ட் கிடைத்து அப்போது ஆறு வருடம். அது சட்டைப் பையில் இருந்த தைரியத்தில் நான் சிரித்தேன்.

நான் செய்த வேலை

கோர்ட்டில் அவருடைய விசாரணை முடிந்தது. மூன்று கிழமையில் முடிவு வரும் என்றார்கள். விசாரணையைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. மனெட்டை மட்டும் முன்னைவிடக் கூட நேரம் வைத்திருந்தார்.

நாலாம் நாள் பின்னேரம். வெளியே மழை. மத்தியானம் சமையற்காரன் எல்லோருக்கும் முன்னால் என்னைப் பார்த்துக் கத்தியிருந்தான், எனக்கு மூக்குவரை கோபம். வங்கிக் கொள்ளையை அன்றைக்காவது முடித்துவிடவேண்டும் என்று வந்தால், ரஞ்சன் அண்ணை வெள்ளைச் சட்டையோடு கடற்கரையில் சைக்கிள் ஓடுகிறார். நாலு மணி. நாலரை. ஐந்து மணி. ஒரு சிவப்பு விளக்கில் நின்றார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார்.

"இஞ்சை தாங்கோ!" என்று பறித்தேன்.

என் விரல்களுக்கு மூளை தேவைப்படவில்லை. சந்தியில் நின்ற பொலிஸ்காரனைச் சுட்டேன். ஓடிவந்த இன்னொருவனையும் சுட்டேன். நட்சத்திரங்கள் மின்னின. சைரன் கத்தியது. வெள்ளைச் சட்டை போட்ட ஆள் நடுத்தெருவில் குண்டு பட்டு விழுந்தான். எல்லாம் அரை நிமிடத்துக்குள் முடிந்தது.

ரஞ்சன் அண்ணை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ரை ஆளாலை சுட்டிட்டியேடா" என்றார்.

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் கத்தவில்லை. ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டார். நேசன் என்னைப் பார்த்து, "நீ மனிசனே?" என்று கேட்டான். வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அதன்பிறகு அவர் மனெட்டைத் தொடவில்லை. கூப்பூரில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். மூன்று மணித்தியாலமும் எங்களுக்கே. வங்கிக் கொள்ளையை நான் அந்தக் கிழமையில்தான் முடித்தேன். திரையில் காசு மழையாகக் கொட்டியது. பக்கத்தில் பெருமூச்சு விட ஆள் இல்லாமல் அது சப்பென்று போய்விட்டது.

இரவில் எனக்கு ஒரு முட்டாள் பயம் பிடித்தது. அவருடைய கேஸ் பிழைத்துவிட்டால்? எந்த நீதிபதி எங்கள் தொலைக்காட்சியைப் பார்க்கப்போகிறார் என்று தெரியும். இருந்தாலும் அவர் காத்துவந்த நேர்த்தியை நான் முறித்துவிட்டேன் என்ற எண்ணம் போகவில்லை. மன்னிப்புக் கேட்க எனக்கு வராது. எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. கோபம் ஆறினால் தேத்தண்ணி போட்டுக் கொடுப்போம். தேத்தண்ணி கொடுத்துப் பார்த்தேன். குடித்தார். பேசவில்லை.

அதனால் வேறொன்று செய்தேன். ஒவ்வொரு நாளும் ஐந்தரைக்கு, கொலை கொள்ளை எல்லாம் முடிந்த பிறகு, ஆளை உடுப்புக் கடைக்குக் கூட்டிப்போய் வெள்ளைச் சட்டையைப் போட்டேன். கடற்கரைக்கு நடத்திப்போய், ஒரு சைக்கிளுக்குப் பக்கத்தில் நிற்பாட்டிவிட்டுப் பெட்டியை நிற்பாட்டினேன். விட்ட இடத்திலேயே ஆள் அடுத்தநாள் நிற்பான். அவர் அதைப் பார்த்தாரா என்று தெரியாது. முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

முசே லூர்து மாடியேறி வந்தார்

இரண்டாம் மாடியில் முசே லூர்து இருந்தார். பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சு அரச உத்தியோகத்திலிருந்து இளைப்பாறியவர். எங்கள் கடிதங்களை வாசித்துச் சொல்லும் புண்ணியவான். விளையாட்டிலிருந்து நேசன் பொறுக்கிய பிரெஞ்சைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டவரும் அவர்தான்.

ஒருநாள் நாலு மணிக்குக் கதவைத் தட்டினார். மூச்சு வாங்கியது. கையில் பிரிக்காத ஒரு பதிவுத் தபால்.

"ரஞ்சன், காலையில தபால் குடுக்குற ஃபக்த்தேர் வந்தாரு, நீங்க யாரும் இல்ல. என்னை அவருக்குத் தெரியும்ங்கிறதால, உன் பேர்ல வாங்கலாம்னு நீ எழுதிக் குடுத்திருந்த புரொக்கியூரசியோனைக் காட்டி நானே கையெழுத்துப் போட்டு வாங்கிட்டேன். கோர்ட்டுலேருந்து வந்திருக்குப்பா."

ரஞ்சன் அண்ணை கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். கடிதத்தை வாங்கவில்லை.

"நீங்களே வாசியுங்கோ ஐயா."

முசே லூர்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கடித உறையை ஓரமாகக் கிழித்தார். முதல் பக்கத்தை வாசித்தார். இரண்டாம் பக்கத்தையும் வாசித்தார். அரச உத்தியோகத்தில் இருந்தவர், அரைகுறையாக ஒன்றும் சொல்லமாட்டார். நேசன் தொலைக்காட்சியின் சத்தத்தை நிற்பாட்டினான். நான் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, இல்லை என்று வந்தால் இந்த மனிதரின் முகத்தை இனி எப்படிப் பார்ப்பேன் என்று யோசித்தேன்.

கடைசிப் பக்கத்தில் அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"குடுத்துட்டாங்கப்பா. உன்னை அகதியா ஏத்துக்கிட்டாங்க. இனிமே உன் பெண்டாட்டி பிள்ளைங்களக் கூப்பிடலாம்."

ரஞ்சன் அண்ணை "ஓம்" என்றார். யாரும் எதுவும் கேட்காமலே இன்னும் இரண்டு தரம், "ஓம், ஓம்" என்றார். பிறகு குனிந்து முகத்தைக் கைகளால் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். நேசன் அவரைக் கட்டிப்பிடித்தான். நான் தேத்தண்ணி போடப் போனேன், அங்கே நின்று நானும் அழுதேன்.

அவர் ஊருக்குத் தொலைபேசி எடுத்தார். அந்தப் பக்கம் மனைவி அழுவது அறை முழுக்கக் கேட்டது. சின்னவள் இடையில் புகுந்து, "அப்பா, எங்களைக் கூட்டிக்கொண்டு போக நாளைக்கே வருவியளோ?" என்றாள். முசே லூர்து கதவோரம் நின்று மூக்கைச் சீறினார்.

எல்லாம் அடங்கியபோது ஐந்து மணி தாண்டியிருந்தது. நேசன் மனெட்டை எடுத்து அவரிடம் நீட்டினான்.

"அண்ணை, இனி ஒரு கேசும் இல்லை. இண்டைக்கு ஒரு பொலிஸ் காரை எண்டாலும் அடியுங்கோ. ஒரேயொருக்கா."

ரஞ்சன் அண்ணை மனெட்டை வாங்கிக்கொண்டார். அன்றைக்கு இன்னும் ஒருவரும் தொடாத பெட்டி உயிர் பெற்றது. கடற்கரை. பின்னேர வெயில். வெள்ளைச் சட்டையோடு ஆள் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றான்.

அவர் திரையைப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

"மேல் பட்டன் பூட்டேல்லை" என்றார். பதினேழு நாளைக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் வார்த்தை அது.

சைக்கிளில் ஏறினார். கடற்கரை வீதியால் ஓடினார். சிவப்பு விளக்கு வந்தது, நின்றார். நேசன் வாயைத் திறந்து மூடினான். பச்சை வந்ததும் இடமும் வலமும் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த சந்தியில் ஒரு பொலிஸ்காரன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

ரஞ்சன் அண்ணையின் பெருவிரல் தானாகவே இறங்கும் பொத்தானுக்குப் போனது. அதன்மேல் போய் நின்றது. நான் அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வியர்த்திருந்தது.

அமத்தவில்லை. சைக்கிள் நிற்காமல் ஓடியது. பொலிஸ்காரனுக்குக் கிட்டே, கையை நீட்டினால் தொடலாம் போன்ற தூரத்தில் ஓடியது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரஞ்சன் அண்ணை அடுத்த முடக்குவரை போய், சைக்கிளைத் திருப்பி, அதே பொலிஸ்காரனை மறுபடி கடந்தார். பிறகு இன்னொரு தரம். எத்தனை தரம் என்று நாங்கள் எண்ணவில்லை. நேசனும் பகிடி விடவில்லை.

கடைசியில் அவர் சைக்கிளை, எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டார். மனெட்டை என் கையில் வைத்தார்.

நேர் வழி

ஆறு மணிக்கு வேலை. மூவரும் இறங்கினோம். மழை விட்டிருந்தது.

தெருமுனைக்கு வந்தபோது மெட்ரோப் பாலத்துக்குக் கீழே நாலு பொலிஸ்காரர் நின்றார்கள். யாரோ ஒருவனை நிற்பாட்டிப் பையைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என் கால்கள் ரூ பெர்தொனேப் பக்கம் திரும்பின. நான் திருப்பவில்லை, அவை தாமாகவே திரும்பின. நாலைந்து அடி நடந்த பிறகுதான் பக்கத்தில் ஒருவரும் இல்லை என்று கண்டேன். ரஞ்சன் அண்ணைக்குத் துணையாகச் சுற்றுகிறேன் என்று இவ்வளவு காலமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் இந்த அறைக்கு வருவதற்கு முன்னும் நான் அந்த வழியால்தான் வேலைக்குப் போனேன். ஆறு வருடம், சட்டைப் பையில் கார்ட்டோடு.

ரஞ்சன் அண்ணை நடுத்தெருவில் நின்று என்னைப் பார்த்தார். திரும்பி வந்து, என் ஜாக்கெட் கையைப் பிடித்து இழுத்தார்.

"எங்கையடா போறாய்? நேர வா."